காற்றுக்கு வழிவிடும் கேம்

1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போர்ஷே நிறுவனத்திடம் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு கொண்ட இரண்டு எஞ்சின்கள் இருந்தன. இரண்டிலும் நான்கு சிலிண்டர்கள், இடப்புறம் இரண்டும் வலப்புறம் இரண்டுமாகப் படுத்திருந்தன. இரண்டையும் குளிர்வித்தது காற்று. ஒன்று, 356 காரில் விற்பனையான 1,488 சிசி ‘1500 சூப்பர்’ எஞ்சின். நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அது 70 குதிரைத்திறன் தந்தது. மற்றொன்று, 550 ஸ்பைடர் பந்தயக் காருக்காகப் பிறந்த 1,498 சிசி எஞ்சின். அதன் வரைபட எண் 547. அது 6,200 சுற்றில் 110 குதிரைத்திறன் தந்தது.

கொள்ளளவில் வேறுபாடு வெறும் 10 சிசி. திறனிலோ 57 சதவீதம். இந்த 57-ஐப் பிரித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். இரண்டாவது எஞ்சின் 24 சதவீதம் வேகமாகச் சுற்றியது. அதோடு, அந்த வேகத்தில் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் 27 சதவீதம் கூடுதலான முறுக்குவிசையைத் தந்தது. வேகம் கூடக்கூட எஞ்சினுக்கு மூச்சு வாங்குவதே இயல்பு. இது வேகமாகவும் ஓடி, நன்றாகவும் மூச்சு விட்டது. உயர்ந்த அமுக்க விகிதத்துக்கும், சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் என்ற ஏற்பாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் இத்தனைக்கும் இடம் கொடுத்தது வால்வுகளை இயக்கிய முறை.

அதை வடிவமைத்தவர் எர்ன்ஸ்ட் ஃபூர்மன். வேகமாகச் சுற்றும் எஞ்சின்களின் வால்வு இயக்கத்தைப் பற்றித்தான் வியன்னாவில் அவர் முனைவர் பட்ட ஆய்வே செய்திருந்தார். எஞ்சினின் அடிவயிற்றில் கிடந்து வால்வுகளைத் திறந்த ஒற்றைக் கேம் ஷாஃப்டை நீக்கி, பக்கத்துக்கு இரண்டாக நான்கு கேம் ஷாஃப்டுகளைச் சிலிண்டர் ஹெட்டுகளுக்கே கொண்டுபோனார் அவர்.

புஷ் ராடால் இயங்கும் பழைய எஞ்சினை எடுத்து அதன் கேமை ஹெட்டுக்கு ஏற்றும் மாற்றத்தை, உலகெங்கும் திறமையான பட்டறைக்காரர்கள் இன்றும் முயல்கிறார்கள். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் அது கடினமான வேலை. காற்றால் குளிரும் எஞ்சினில் அது வேறு வகையான வேலை. கேம் போய் உட்காரும் இடம்தான் வெப்பம் வெளியேற வேண்டிய இடமும். ஆகவே இந்த மாற்றத்தில் வெற்றியும் தோல்வியும் கேமின் வடிவத்தைக் காட்டிலும், அது காற்றுக்கு எவ்வளவு வழி விடுகிறது என்பதைச் சார்ந்திருக்கின்றன.

வால்வின் அவசரம்

நான்கு வீச்சு எஞ்சினில் கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறை திறந்து மூடும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 முறை. கிராங்க் கோணத்தில் 270 டிகிரி நேரம் வால்வு திறந்திருக்கும் என்று வைத்துக்கொண்டால், திறந்து, உச்சம் தொட்டு, மூடுவதற்கு அதற்குக் கிடைப்பது 7.5 மில்லி விநாடி. அதற்குள் 10 மில்லிமீட்டர் போய் வர வேண்டும்.

இந்த இயக்கத்தை ஒரு சீரான அலையாகக் கொண்டு கணக்கிட்டால், உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 350 மடங்கு வருகிறது. திறக்கும்போது கேம் தள்ளுகிறது. அங்கே சிக்கல் இல்லை. உச்சத்தை நெருங்கும்போது வால்வின் வேகத்தைத் தடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டியது ஸ்பிரிங்கின் பொறுப்பு. ஸ்பிரிங்கின் பலம் போதாவிட்டால் வால்வு கேமின் பேச்சைக் கேட்காது. தன் போக்கில் பறக்கும். மெக்கானிக்குகள் இதை ‘வால்வு ஃப்ளோட்’ என்பார்கள். பறக்கும் வால்வு மேலே வரும் பிஸ்டனைச் சந்தித்தால் எஞ்சினின் கதை அங்கேயே முடியும்.

தேவைப்படும் விசை சுற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் விசை நான்கு மடங்கு. கனமான ஸ்பிரிங் போடலாமே என்று தோன்றும். ஆனால் அந்த விசை முழுவதையும் கேமின் முகமும், டேப்பட்டும், ராக்கரின் முனையும் தாங்க வேண்டும். ஓரளவுக்கு மேல் அவை தேயும், குழிவிழும். மீதமிருக்கும் வழி, அசையும் எடையைக் குறைப்பது.

புஷ் ராட் எஞ்சினில் கேமுக்கும் வால்வுக்கும் நடுவே டேப்பட், நீண்ட புஷ் ராட், ராக்கர் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எடை உண்டு. எடையைவிடப் பெரிய தொல்லை, ஒவ்வொன்றும் சிறிது வளையும் என்பது. அதிவேகத்தில் புஷ் ராட் தானே ஒரு ஸ்பிரிங்காக நடந்துகொள்கிறது. கேம் வரைந்த கோடு ஒன்று, வால்வு போகும் கோடு வேறொன்று என்றாகிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். புஷ் ராட் அமைப்பில் வால்வின் பக்கம் உணரப்படும் மொத்த எடை 200 கிராம் என்று கொள்வோம். 6,000 சுற்றில் அதைக் கட்டுப்படுத்த சுமார் 700 நியூட்டன் விசை வேண்டும். கேமை வால்வுக்கு அருகே கொண்டுவந்து எடையை 120 கிராமாகக் குறைத்தால், அதே ஸ்பிரிங் சுமார் 7,700 சுற்றுவரை வால்வை அடக்கி வைத்திருக்கும். பெரிய ஸ்பிரிங் இல்லாமல், கூடுதல் தேய்மானம் இல்லாமல் 1,700 சுற்று கிடைத்துவிட்டது. கேமை ஹெட்டுக்கு ஏற்றுவதற்கான முழு நியாயமும் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பீட்டிலின் அடிவயிறு

இத்தகைய மாற்றத்துக்கு மிகவும் ஆசை காட்டும் எஞ்சின் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுடையது. அதன் 1,584 சிசி வடிவத்தில் சிலிண்டரின் விட்டம் 85.5 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 69 மில்லிமீட்டர். அகலம் அதிகம், வீச்சு குறைவு. இது பந்தய எஞ்சினுக்குரிய அளவுப் பொருத்தம். 4,000 சுற்றில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 9.2 மீட்டர் மட்டுமே. 8,000 சுற்றில்கூட அது 18.4 மீட்டர்தான், நல்ல கிராங்கும் கனெக்டிங் ராடும் தாங்கக்கூடிய அளவு. ஆனால் அந்த எஞ்சின் 4,000 சுற்றை ஒட்டியே தன் உச்சத் திறனைத் தொட்டு, 50 குதிரைத்திறனோடு நின்றுவிட்டது. நீண்டகாலம் உழைக்க வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி மூச்சைக் கட்டி வைத்தார்கள்.

கட்டுப்பாடு எங்கே என்று பார்த்தால் கேம் ஷாஃப்டிடம் வந்து நிற்போம். அது கிராங்குக்கு நேர் கீழே, பற்சக்கரத்தால் பாதி வேகத்தில் சுற்றுகிறது. எட்டு வால்வுகளுக்கு அதில் இருப்பவை நான்கே கேம் முகடுகள். ஒவ்வொரு முகடும் எதிரெதிர்ப் பக்கத்து டேப்பட்டுகள் இரண்டைத் தள்ளுகிறது. சிக்கனத்தில் அற்புதமான வடிவமைப்பு. ஆனால் ஒரே முகடு இரண்டு பேரின் சுமையைத் தாங்க வேண்டும். முகடுகளிலிருந்து புஷ் ராடுகள் சிலிண்டர்களுக்கு அடியில், மெல்லிய உலோகக் குழாய்களுக்குள் ஹெட்டுவரை போகின்றன.

கேமை ஹெட்டுக்கு ஏற்றினால் பக்கத்துக்கு ஒரு கேம் ஷாஃப்ட், ஒவ்வொன்றிலும் நான்கு முகடுகள், மொத்தம் எட்டு. ஒவ்வொரு வால்வுக்கும் தனி முகடு. பகிர்ந்த சுமை பிரிந்துவிடும்.

ஆனால் வால்வு விடுதலை பெற்றதும் அடுத்த பலவீனம் வெளியே வரும். பீட்டிலின் அசல் கிராங்கில் எதிர் எடைகள் கிடையாது. அதிவேகத்தில் அது வளைந்து, மக்னீசியக் கலவையால் ஆன கிராங்க் கேஸைக் குத்தும். எனவே எதிர் எடை கொண்ட கிராங்க், உறுதியான ராடுகள், ஹெட்டைப் பிடிக்கும் ஸ்டட்டுகளுக்கு எஃகுத் திருகுப் பதிவுகள் எல்லாம் முதலில் தயாராக வேண்டும். 8,000 சுற்றுக்கு ஹெட்டைக் கட்டி, 5,000 சுற்றுக்கான அடிப்பாகத்தின்மேல் பூட்டுவதால் பயனில்லை.

சுழற்சியை மேலே அனுப்புதல்

கிராங்கின் சுழற்சியை ஹெட்டுவரை எடுத்துச்செல்ல நான்கு வழிகள் உண்டு. நான்கையும் காற்றால் குளிரும் கார் எஞ்சின்கள் சோதித்துப் பார்த்திருக்கின்றன.

ஃபூர்மன் தேர்ந்தது தண்டும் கூம்புப் பற்சக்கரமும். கிராங்குக்குக் கீழே ஒரு துணைத் தண்டு. அதிலிருந்து இரு புறமும் தண்டுகள் வெளியேற்ற வால்வுகளின் கேமுக்குப் போயின. அங்கிருந்து குட்டித் தண்டுகள் மேலே உள்வாங்கும் வால்வுகளின் கேமுக்கு ஏறின. துல்லியத்தில் இதற்கு இணையில்லை. ஆனால் ஒவ்வொரு பற்சக்கர இணையின் இடைவெளியையும் மெல்லிய தகடு வைத்து வைத்துச் சரிசெய்ய வேண்டும். ஒன்றைத் தொட்டால் அடுத்தது நகரும். மிகத் தேர்ந்த கைகள் மட்டுமே அந்த எஞ்சினைப் பூட்ட முடிந்தது.

1969-இல் வந்த போர்ஷே 917 பந்தயக் காரின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் பற்சக்கர வரிசையைப் பயன்படுத்தியது. நீண்ட கிராங்கின் முறுக்கதிர்வு கேமைத் தொடாதிருக்க, அதன் நடுப்பகுதியிலிருந்தே சுழற்சி எடுக்கப்பட்டது. சிட்ரோயன் 1970-இல் கொண்டுவந்த ஜிஎஸ் காரின் 1,015 சிசி எஞ்சின், பக்கத்துக்கு ஒன்றாகப் பல்வைத்த ரப்பர் பெல்ட்டுகளை நம்பியது. போர்ஷே 911 செயினைத் தேர்ந்தது. ஹான்ஸ் மெட்ஸ்கர் முக்கியப் பங்காற்றிய அந்த 1,991 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சின், தொடக்கத்தில் 6,100 சுற்றில் 130 குதிரைத்திறன் தந்தது. அதில் கிராங்க் ஒரு இடைத் தண்டைச் சுழற்ற, இடைத் தண்டிலிருந்து இரு பக்கத்துக்கும் செயின்கள் போயின.

பீட்டில் எஞ்சினை மாற்றுபவருக்கு அந்த இடைத் தண்டு ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. பழைய கேம் ஷாஃப்டின் இடத்தில் முகடுகள் இல்லாத ஒரு தண்டை வைத்தால் போதும். அது ஏற்கெனவே கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால், ஹெட்டில் பெரிய சக்கரம் தேவைப்படாது. இரு முனையிலும் ஒரே அளவுச் சக்கரம் போடலாம். ஹெட்டின் மேல் சக்கரம் சிறுத்தால் உயரமும் குறையும், காற்றின் பாதையில் மறைப்பும் குறையும். பழைய கேமின் முனைதான் ஆயில் பம்பையும் ஓட்டுகிறது. புதிய தண்டிலும் அந்த ஏற்பாட்டை விட்டுவிடக் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கிராங்கிலேயே தனிப் பற்சக்கரம் இருப்பதால் அதைத் தொட வேண்டியதில்லை.

எந்த வழியை எடுத்தாலும் எஞ்சின் சூட்டில் வளரும். கிராங்கின் மையத்திலிருந்து ஹெட்டின் மேல்பகுதிவரை சுமார் 300 மில்லிமீட்டர் தொலைவு. மக்னீசியக் கேஸ், வார்ப்பிரும்புச் சிலிண்டர், அலுமினிய ஹெட் மூன்றின் சராசரி விரிவையும் கொண்டு கணக்கிட்டால், வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸ் கூடும்போது அந்தத் தொலைவு சுமார் அரை மில்லிமீட்டர் நீள்கிறது. எஃகுச் செயினும் சூடேறி நீளும். ஆனால் அலுமினியத்தின் விரிவில் பாதி அளவே அதற்கு. வித்தியாசம் கால் மில்லிமீட்டர் என்று கொண்டாலும், 35 மில்லிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில் அது கிராங்க் கோணத்தில் ஏறக்குறைய ஒரு டிகிரியாகிறது. குளிர்ந்த எஞ்சினில் பார்த்துப் பார்த்து வைத்த டைமிங், சூட்டில் அவ்வளவு முந்திவிடும்.

தண்ணீரால் குளிரும் எஞ்சினில் தெர்மோஸ்டாட் வெப்பநிலையைக் குறுகிய எல்லைக்குள் பிடித்து வைக்கும். காற்றால் குளிரும் எஞ்சினில் ஏற்றத்தில் ஒரு வெப்பநிலை, இறக்கத்தில் இன்னொன்று. ஆகவே செயினின் தளர்ந்த பக்கத்தை எப்போதும் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உயிர்நாடியான பாகம். போர்ஷே நிறுவனமே 911-இல் அதைப் பல முறை திருத்தி, 1984-ஆம் ஆண்டு மாடலில்தான் எஞ்சினின் ஆயில் அழுத்தத்தால் இயங்கும் டென்ஷனருக்கு வந்து சேர்ந்தது.

காற்றின் உரிமை

ஒரே கன அளவுத் தண்ணீரும் காற்றும் ஒரு டிகிரி சூடேற எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை ஒப்பிட்டால், தண்ணீர் சுமார் 3,500 மடங்கு அதிகம் எடுக்கிறது. காற்றின் இந்த வறுமையை ஈடுகட்டத்தான் ஹெட்டிலும் சிலிண்டரிலும் ஃபின்கள் எனப்படும் மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக வார்க்கப்படுகின்றன. தகடுகளின் பரப்பும், அவற்றின் நடுவே பாயும் காற்றின் வேகமும் சேர்ந்துதான் எஞ்சினைக் காப்பாற்றுகின்றன.

பாதையில் சிறு இடர் வந்தாலும் விளைவு தெரியும். பீட்டிலில் ஆயில் கூலர் நெடுங்காலம் விசிறிக் கூட்டுக்குள், மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நின்றது. அந்த ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக ஓடியது. அதற்காக அந்தச் சிலிண்டரின் தீப்பொறியைச் சில டிகிரி தாமதப்படுத்த வேண்டியிருந்தது. 1971 மாடலில் கூலரைத் தனி அறைக்கு நகர்த்திய பிறகே இந்தக் குறை பெருமளவு நீங்கியது. ஒரு கூலர் இப்படிச் செய்யும் என்றால், ஹெட்டின் முழு நீளத்துக்கும் மூடிபோல் உட்காரும் கேம் பெட்டி என்ன செய்யும் என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே 911 ஒரு நல்ல பாடம். அதில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி ஹெட். மூன்று ஹெட்டுகளையும் இணைத்து, கேம் ஷாஃப்டைச் சுமக்கும் தனி வார்ப்பு அவற்றின்மேல் பூட்டப்படுகிறது. ஹெட்டுக்கும் கேம் பெட்டிக்கும் நடுவே காற்று புகுந்து போக இடம் இருக்கிறது. பக்கத்துக்கு ஒரே கேம், அதன் இரு புறமும் ராக்கர்கள். வால்வுகள் இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சாய்ந்து நிற்க, அவற்றின் நடுவிலும் வெப்பம் வெளியேற வழி கிடைக்கிறது. சாலையில் ஓடிய காற்றுக்குளிர்ச்சி 911-கள் 1998-இல் உற்பத்தி முடியும்வரை ஒற்றைக் கேம், இரட்டை வால்வு அமைப்பையே வைத்திருந்தன.

சிலிண்டருக்கு நான்கு வால்வு வைத்தால் என்ன? மூச்சு இன்னும் நன்றாக வரும். ஆனால் இரண்டு வெளியேற்ற வால்வுகளும் நெருங்கி நிற்கும் நடுப்பகுதியில் ஃபின்னுக்கு இடமே இருக்காது. வெப்பம் மிக அதிகமான இடத்தில் காற்று மிகக் குறைவாகப் போகும். பந்தயத்தில் எதற்கும் துணிந்த போர்ஷேகூட, 1978-இல் 935/78 காருக்கு நான்கு வால்வு ஹெட்டுகளை வைத்தபோது அவற்றைத் தண்ணீரால் குளிர்வித்தது. சிலிண்டர்களை மட்டும் காற்றிடம் விட்டது. ஆகவே முழுக்கக் காற்றை நம்பும் மாற்றத்தில் இரண்டு வால்வு, ஒற்றைக் கேம் என்பதே விவேகமான எல்லை.

புதிய ஹெட்டை மணல் வார்ப்பில் ஊற்றலாம். அலுமினியக் கட்டியிலிருந்து சிஎன்சி எந்திரத்தில் கடையலாம். வார்ப்பில் உலோகம் உறைந்து குளிரும்போது சுமார் 1.3 சதவீதம் சுருங்குவதால் மாதிரியை அந்த அளவுக்குப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஆழமான, மெல்லிய, நெருக்கமான ஃபின்களை மணலில் எடுப்பது பெரிய கைத்திறன். வெளியேற்ற வால்வைப் பொறுத்தவரை உள்ளீடற்ற தண்டில் சோடியம் அடைத்த வகை உதவும். சோடியம் 98 டிகிரியில் உருகி, வால்வு ஆடும்போது உள்ளே குலுங்கி, தலைப்பகுதியின் வெப்பத்தைத் தண்டுக்கும் அங்கிருந்து வால்வு கைடுக்கும் கடத்திவிடும்.

விசிறியும் புதுக் கணக்குக் கேட்கும். அது தள்ளும் காற்று வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. அது விழுங்கும் திறனோ வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. எஞ்சின் இரட்டிப்பு வேகத்தில் சுற்றினால் விசிறி எட்டு மடங்கு திறனைக் கேட்கும். எனவே புல்லியின் அளவை மாற்றி விசிறியைச் சற்று மெதுவாக்கி, கிடைக்கும் காற்று சிதறாமல் ஃபின்களுக்கே போகும்படி தகட்டு மறைப்புகளைச் சிலிண்டரோடு ஒட்டி அமைக்க வேண்டும்.

ஆயில்

காற்றால் குளிரும் எஞ்சினில் ஆயிலும் ஒரு குளிர்விப்பான். பீட்டிலில் மொத்தம் 2.5 லிட்டர்தான், தொடக்கக்கால 911-இலோ தனித் தொட்டியோடு சுமார் 9 லிட்டர். கேம் மேலே போனதும் ஆயிலும் அங்கே போக வேண்டும். கேம் தாங்கிகளுக்கு அழுத்தத்தில் ஆயில், முகடுகளின் மேல் தெளிப்பு. அங்கே அது கூடுதல் வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும்.

திரும்பி வரும் வழிதான் பலரும் மறப்பது. பழைய எஞ்சினில் புஷ் ராடு குழாய்களே ஆயில் இறங்கும் குழாய்களாகவும் இருந்தன. அவற்றை நீக்கினால் வேறு வழி செய்ய வேண்டும். சிலிண்டர்கள் படுத்திருப்பதால் வளைவில் வேகமாகத் திரும்பும்போது ஆயில் வெளிப்பக்க ஹெட்டில் தேங்கும். அடியில் பம்ப் காற்றை உறிஞ்சும். பந்தயத்துக்குப் போகும் எஞ்சினுக்கு ஆயிலை உறிஞ்சித் தனித் தொட்டிக்கு அனுப்பும் டிரை சம்ப் அமைப்பு அவசியமாகிறது. டேப்பட்டுகள் இருந்த துளைகளையும் அடைக்க வேண்டும். அவை ஆயில் பாதையோடு இணைந்தவை. திறந்து கிடந்தால் அழுத்தம் அங்கேயே கசிந்து போய்விடும்.

பூட்டுதலும் சோதித்தலும்

எல்லாம் தயாரான பிறகு பொறுமையின் கட்டம். கிராங்கின் முனையில் டிகிரி வட்டு, வால்வின் மேல் டயல் கேஜ். வால்வு எந்தக் கோணத்தில் திறக்கிறது, எங்கே உச்சம் தொடுகிறது என்று இரு பக்கத்திலும் அளந்து, சக்கரத்தை நகர்த்தி நகர்த்திச் சமன்செய்ய வேண்டும். பிஸ்டனின் தலையில் களிமண் அப்பி, ஹெட்டைப் பூட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், வால்வு பதித்த தடத்தின் மேல் எஞ்சிய களிமண்ணின் தடிமன் இடைவெளியைச் சொல்லும். உள்வாங்கும் வால்வுக்கு 2 மில்லிமீட்டர், வெளியேற்ற வால்வுக்கு 2.5 மில்லிமீட்டர் என்பது பாதுகாப்பான வழக்கு. சூட்டில் நகரும் அந்த ஒரு டிகிரிக்கும் இதற்குள் இடம் இருக்க வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல. நான்கு ஸ்பார்க் பிளக்குகளின் அடியிலும் வெப்ப உணரிகளை வைத்து நான்கு ஹெட் பகுதிகளின் வெப்பநிலையையும் ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் தனித்து ஏறினால், கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் காற்றின் பாதையைத் தேட வேண்டும்.

வரிசை

1969-இல் ஹோண்டா 1300 என்ற கார் வந்தது. தலையில் கேம், காற்றுக் குளிர்ச்சி, 1.3 லிட்டரில் 100 குதிரைத்திறனை ஒட்டிய திறன். நிறுவனர் சொய்சிரோ ஹோண்டாவின் பிடிவாதமான நம்பிக்கை அது. அந்தத் திறனைக் குளிர்விக்க இரட்டைச் சுவர் கொண்ட சிக்கலான வார்ப்பு தேவைப்பட்டது. எஞ்சின் கனத்தது, செலவு ஏறியது. சில ஆண்டுகளில் ஹோண்டா கார்கள் தண்ணீருக்கு மாறின. எஞ்சின் அருமையான எஞ்சின்தான். ஆனால் கேம் தந்த வேகத்துக்குக் காற்று கேட்ட விலை, விற்பனைக் காருக்குக் கட்டுப்படியாகவில்லை.

ஒற்றை எஞ்சினைத் தன் கையால் கட்டுபவருக்கு அந்த விலை கட்டுப்படியாகும். நேரமும் உழைப்பும் அவருடையவை. அவர் முதலில் வரைய வேண்டியது கேமை அல்ல. காற்று எங்கே நுழைந்து, எந்தத் தகடுகளைத் தொட்டு, எங்கே வெளியேறும் என்ற கோட்டை முதலில் வரைய வேண்டும். அடுத்து ஆயில் ஏறும் வழியும் இறங்கும் வழியும். பிறகு சூட்டில் எஞ்சின் எவ்வளவு வளரும் என்ற கணக்கு. இந்த மூன்றும் விட்டுவைக்கும் இடத்தில் செயினையும் கேமையும் பொருத்த வேண்டும். இந்த வரிசையில் வேலை செய்தவர்களின் எஞ்சின்கள் பந்தய தூரம் முழுவதும் ஓடி முடிக்கும். வரிசையைத் தலைகீழாக்கினால், சோதனை மேடையில் காட்டிய உச்சத் திறன் சூடேறும்வரைதான் நிற்கும்.